பத்து வயது டீசல் வண்டி: வாங்கும் விலை வேறு, ஆகும் செலவு வேறு

யானை வாங்கப் பணம் இருந்தவனுக்கு அங்குசம் வாங்கப் பணம் இல்லாமல் போன கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தில்லியில் அந்தக் கதை வருடம் முழுவதும் நடக்கிறது. பத்து வயது நெருங்கும் பெரிய டீசல் வண்டிகள் இங்கே கொள்ளை மலிவாகக் கிடைக்கின்றன. அதைப் பார்த்து நம்மவர்களில் பலருக்கு, "இங்கே வாங்கி ஊருக்குக் கொண்டுபோனால் என்ன?" என்று ஓர் ஆசை வருகிறது. மலை மந்திரில் தரிசனம் முடித்துப் படியிறங்கும்போது கூட இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ரயில்வேயில் டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவன் என்றால் எல்லா டீசலும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! ஆல்கோ எஞ்சினுக்குப் பதினாறு சிலிண்டர், இதற்கு நான்கு. ஆனாலும் நோய்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. மோதி பாக்கில் மகளுக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பில்தான் நானும் என் மனைவியும் இருக்கிறோம். பக்கத்து பிளாக்கில் இருந்த தமிழ் நண்பர் காலை ஆறரை மணிக்கே வந்து கதவைத் தட்டினார். மத்திய அரசு ஊழியர். திருச்சிக்கு மாற்றல் ஆகியிருந்தது. கும்பகோணத்தில் சொந்த வீடு, உடன் எண்பது வயது அம்மா, இரண்டு பிள்ளைகள், ஊரில் தங்கை குடும்பம். ஏழு பேர் ஏறும் வண்டி ஒன்று பின்வரிசை அதிகாரி ஒருவரிடம் விலைக்கு வந்திருக்கிறது, 1,75,000 ரூபாய் சொல்கிறார், வந்து பாருங்கள் சார் என்றார். 2014 மார்ச்சில் பதிவான வண்டி. ஓடியது 68,000 கிலோமீட்டர். பி.எஃப். கணக்கிலிருந்து மூன்று லட்சம் எடுப்பதாக இருந்தார். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

வண்டியின் கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சஃபாரி (1998-ல் வந்தது, ஸ்டார்ம் என்ற பெயரில் 2012 முதல் 2019 வரை), ஸ்கார்ப்பியோ (2002), ஃபார்ச்சூனர் (2009), எண்டேவர், பஜேரோ ஆகியவை எல்லாம் ஒரே சாதி. அடியில் லாரியைப் போல நீளவாட்டில் இரண்டு இரும்புச் சட்டங்கள், குறுக்கே சில கட்டைகள். பார்த்தால் படுக்க வைத்த ஏணி. அதன்மேல் ரப்பர் புஷ் வைத்துப் பாடியைத் தனியாக உட்கார வைத்திருப்பார்கள். எடை ஏறக்குறைய இரண்டு டன். 2021-ல் வந்த புதிய சஃபாரிக்குப் பெயர்தான் பழையது; அதற்கு இந்த ஏணிச் சட்டம் கிடையாது, இழுப்பதும் முன்சக்கரம். பெயரை நம்பி இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

தில்லி வண்டி ஏன் மலிவு என்பதை முதலில் சொல்ல வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளையும், 2015 ஏப்ரலில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளையும் தலைநகர் வட்டாரத்துச் சாலைகளில் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் பத்தாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் வரை ராஜாவாக இருந்த வண்டி, மறுநாள் காலை பழைய இரும்பு. வெளி மாநிலத்துக்குப் போக என்.ஓ.சி. வாங்கினால் மட்டும் உயிர் உண்டு. சொந்தக்காரருக்கு அவசரம், வாங்குகிறவருக்கு லாபம் என்று தோன்றும்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்தப் பணிமனையிலும், சீக்கிரம் கண்டெம் ஆகப்போகிற இயந்திரம் என்று தெரிந்துவிட்டால் அதன் மேல் யாரும் நல்ல சாமான் போடமாட்டார்கள். இருக்கும் நல்ல சாமானைக் கழற்றி வேறொன்றுக்கு மாட்டுவார்கள். தில்லியில் டீசல் வண்டி வைத்திருக்கிறவரும் அதைத்தான் செய்கிறார். எட்டாவது வருடம் டயர் தேய்ந்தால், "இன்னும் இரண்டு வருடம்தானே" என்று ஓட்டுகிறார். கிளட்ச் வழுக்கினால் மெதுவாக ஓட்டுகிறார். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார். அவர் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன். ஆகவே, தில்லி வண்டியைப் பார்க்கும்போது பத்து வருடம் ஓடியதை விட, கடைசி இரண்டு வருடம் என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதைத்தான் தேட வேண்டும். அந்த இரண்டு வருடத்துப் பாக்கியை வாங்குகிறவர்தான் கட்டவேண்டி வரும்.

நாங்கள் போனபோது அதிகாரி சால்வை போர்த்திக்கொண்டு கீழே நின்றார். "காடி ஏக்தம் மக்கன் ஹை" என்றார். வெண்ணெயாம்! நான் முதலில் பானெட்டின் மேல் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. நல்ல மனிதர், முன்கூட்டியே ஓட்டிச் சூடு பண்ணி வைக்கவில்லை. டீசல் எஞ்சினின் உண்மையான குணம் குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். அதுவும் பிப்ரவரி காலையில் பொய் சொல்லவே முடியாது. சூடாக இருந்தால் "இன்னொரு நாள் வருகிறேன்" என்று திரும்பிவிடுங்கள்.

சாவி போட்டதும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றியது. பேட்டரியைக் குனிந்து பார்த்தால், இந்த வண்டிக்கு உரிய அளவில் இல்லை. சின்னக் கார் பேட்டரி. நல்லதை அதிகாரி தம் புது வண்டிக்கு எடுத்துவிட்டார் போலும். நான்காவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. குளிரில் அது சகஜம். நிற்காமல் வந்து, இனிப்பு வாசனையும் அடித்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது என்று பொருள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: இன்ஜெக்டர், டர்போ, இ.ஜி.ஆர். வால்வு, அல்லது வெறும் ஏர் ஃபில்டர் கூட இருக்கலாம். ஏர் ஃபில்டர் ஐந்நூறு, அறுநூறு ரூபாய். டர்போ என்றால் புதியது போட நாற்பதாயிரம் வரை ஆகும். இரண்டுக்கும் புகை ஒரே நிறம் என்பதுதான் வேடிக்கை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் தலைகீழாக வைத்தேன். லேசாக ஆடியது. அது போதும். ரிங்கும் லைனரும் தேய்ந்த எஞ்சினில் மூடி துள்ளும், துளை வழியாகப் புகை குபுகுபுவென்று வரும். ரயில் எஞ்சினில் கிராங்க்கேஸில் சேரும் இந்தக் காற்றை இழுத்துவிட எக்ஸாஸ்டர் என்று தனியாகவே ஒரு விசிறி உண்டு. காரில் உங்கள் கையில் இருக்கும் மூடிதான் கருவி. இந்த ஒரு சோதனைக்கு மெக்கானிக் வேண்டாம், காசு வேண்டாம். இதில் வண்டி தோற்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை. எஞ்சினைப் பிரித்துப் போர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி மூட ஒன்றேகால் லட்சம், ஒன்றரை லட்சம் என்று போகும்.

டிப் ஸ்டிக்கை உருவி ஒரு சொட்டு ஆயிலை மை ஒற்றும் தாளில் விட்டேன். ஷெட்டில் செய்கிற பழைய சோதனை இது. சொட்டு பரவி வெளியே மங்கலாக ஒரு வளையம் விட்டால் ஆயில் இன்னும் உழைக்கிறது. நடுவிலேயே கறுப்பாகக் கட்டிக்கொண்டு நின்றால் கரியைத் தாங்கும் சக்தி தீர்ந்துவிட்டது. இது நடுவிலேயே நின்றது. ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "சர்வீஸ் டைம் பர் ஹோதீ ஹை" என்றார். சர்வீஸ் புத்தகத்தில் கடைசி முத்திரை 2021 அக்டோபர்.

கூலன்ட் தொட்டியில் பச்சையோ சிவப்போ இல்லை, டீத்தண்ணீர் நிறம். யமுனைத் தண்ணீரோ போர்வெல்லோ, தில்லிக் குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டு. அது ரேடியேட்டரின் நுண் குழாய்களில் படிந்து அடைக்கும். ரயில் எஞ்சினில் தண்ணீரைக் கூடச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, மருந்து கலந்துதான் ஊற்றுவோம். கார்க்காரருக்கு முந்நூறு ரூபாய் கூலன்ட் பெரிதாகத் தெரிகிறது. நல்ல வேளை, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை, ஆயிலில் பால் நிறம் இல்லை, எஞ்சின் ஓடும்போது தொட்டியில் குமிழிகளும் வரவில்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டே விரிசல் விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. (சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். முகம் வெந்த ஓர் இளைஞனை நான் பார்த்திருக்கிறேன்.)

அடுத்தது சட்டம். இந்த இடத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2016-ல் நானே இப்படி ஒரு வண்டி வாங்கினேன். 2008 மாடல், கடலோர நகரம் ஒன்றில் ஓடி இங்கே வந்தது. எஞ்சினைத்தான் பார்த்தேன். மூன்று மணி நேரம் பார்த்தேன்! அருமையான எஞ்சின். அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அக்கறையான ஆள் என்று மெச்சிக்கொண்டேன். மூன்றாவது மாதம் ஆக்ரா போகும் வழியில் பின்பக்கம் ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால், பின் குறுக்குச் சட்டம் துருப்பிடித்து, அதன்மேல் தகடு வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட்டால் மூடியிருந்தது. வெல்டிங்குக்குப் பக்கத்தில் சட்டம் கிழிந்துவிட்டது. 2,40,000 கொடுத்து வாங்கியது, பழைய இரும்புக்காரரிடம் 60,000-க்குப் போனது. நான் சில வருடம் பெட்டிகள் பக்கமும் வேலை பார்த்தவன். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகள் பணிமனைக்கு வந்தால் கழிப்பறைக்குக் கீழே உள்ள தரைத்தகட்டையும் ஓரச் சட்டத்தையும் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் பார்ப்போம். நல்ல இரும்பு 'ணங்' என்னும், துருப்பிடித்தது 'தொப்' என்னும். அந்தச் சுத்தியலைச் சொந்த வண்டிக்கு எடுக்க மறந்த மனிதன் நான். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவதுண்டு.

ஆகவே இந்த முறை சுத்தியலோடு போயிருந்தேன். சாக்கை விரித்துப் படுத்து, இரண்டு நீளச் சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை தட்டினேன். சுத்தமான 'ணங்'. தில்லி வண்டிக்கு இது பெரிய சாதகம். வறண்ட காற்று, சென்னை, நாகப்பட்டினம் போல உப்புக் காற்று கிடையாது. ஓட்டம் குறைவு, சட்டம் நல்லது என்பதற்காகவே தில்லி வண்டியைத் தேடலாம். துரு இருந்தது வேறு இடத்தில். முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் சந்தில் வேப்பிலை மக்கிக் கிடந்தது. தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கி, ஓட்டுநர் காலடிக் கம்பளம் ஈரமாக இருந்தது. கம்பளத்தைத் தூக்கினால் தகட்டில் பழுப்பு. இது பாடித் தகடு, சட்டம் இல்லை. சுரண்டி, துருத்தடுப்பு அடித்தால் தீரும். ஆனால் ஈரம் இறங்கும் அந்த வழியில்தான் வயர்களும் போகின்றன. ஜன்னல் மோட்டார், சென்ட்ரல் லாக், டாஷ்போர்டு விளக்குகள் என்று மூன்று வருடம் ஆட்டிவைக்கும் மின்கோளாறுகளுக்கு ஆரம்பம் பெரும்பாலும் ஒரு பிடி வேப்பிலைதான். குளிர்காலத்தில் எஞ்சின் சூட்டுக்கு வந்து படுக்கும் எலிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

டயரில் நல்ல பட்டன் இருந்தது. அதிகாரி அதைத் தட்டிக் காட்டினார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 3913. அதாவது 2013-ன் 39-ஆவது வாரம். பத்தரை வருடத்து ரப்பர்! பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள். இரண்டு டன் வண்டியை மே மாத வெயிலில் நாக்பூர் பக்கம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் இந்த டயரில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. இந்த இடத்தில் பேரம் கிடையாது, நான்கும் புதிது போட வேண்டும், 36,000.

ஓட்டிப் பார்த்தோம். ரிங் ரோடில் ஏறி தௌலா குவான் வரை போய்த் திரும்பினோம். சின்னப் பள்ளத்தில் 'டக்', பெரிய பள்ளத்தில் 'டொக்'. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், முன் ஷாக்கர். இவ்வளவு எடையை நம் சாலைகளில் சுமக்கும் வண்டிக்கு 60,000 கிலோமீட்டரில் இவை போவது இயற்கை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மாற்றினால் கூலி நான்கு முறை, அலைன்மென்ட் நான்கு முறை. ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும். 22,000. கிளட்சுக்கு நான் செய்யும் சோதனை: சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் திணறி அணைய வேண்டும். இது அணையாமல் நிதானமாக ஓடிக்கொண்டே இருந்தது, கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் செட்டின் விலையை விட, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் உறுத்தும். எல்லாம் சேர்த்து 18,000.

இன்ஜெக்டருக்கு உஸ்தாத் ஒருவரை அழைத்துக்கொண்டேன். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயையும் கழற்றித் தனித்தனிச் சின்ன பாட்டிலில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். நான்கு பாட்டிலும் ஒரே அளவு நிரம்ப வேண்டும். மூன்றாவது பாட்டில் மற்றவற்றைப் போல இரண்டு பங்கு நிரம்பியது. புது இன்ஜெக்டர் ஒன்று பதினைந்தாயிரத்தை ஒட்டி வரும். நல்ல இடத்தில் ரீகண்டிஷன் செய்தால் ஒன்றுக்கு ஐயாயிரம். நான்கையும் ஒரேயடியாகச் செய்துகொள்வது என்று 20,000 வைத்தேன். டீசல் ஃபில்டரில் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று உண்டு. அதை மாதம் ஒருமுறை திறந்து ஒரு கரண்டி வடித்திருந்தால் இந்த 20,000 மிச்சம்.

வீட்டுக்கு வந்து பொடி டீ குடித்துக்கொண்டே காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். டயர் 36,000, முன் சஸ்பென்ஷன் 22,000, கிளட்ச் 18,000, இன்ஜெக்டர் 20,000, ரேடியேட்டர் சுத்தம், ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கூலன்ட் 12,000, எல்லா ஆயில்களும் ஃபில்டர்களும் 11,000, ஏ.சி. கூலிங் காயிலில் கசிவு 9,000, பிரேக் பேட், டிஸ்க் 8,000, பேட்டரி 7,000. கூட்டினால் 1,43,000. கம்பெனி சர்வீஸில் போனால் இதுவே இரண்டு லட்சத்தைத் தொடும். காஷ்மீரி கேட்டில் நல்ல சாமான் நாமே வாங்கி, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு. அங்கேயும் பெட்டியைப் பார்த்து ஏமாறக்கூடாது. பெட்டி அசல், உள்ளே சரக்கு வேறு என்பது அந்தக் கடைத்தெருவின் பழைய வித்தை. பழைய சாமானுக்கு மாயாபுரி இருக்கிறது. கதவு, கண்ணாடி, இருக்கை அங்கே வாங்கலாம்; பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்க வேண்டாம்.

நண்பர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். 1,75,000-உம் 1,43,000-உம் சேர்ந்தால் பி.எஃப். பணம் தாண்டிவிடுகிறது. இன்னும் ஊர் போக 2,500 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினொன்று என்று வைத்தாலும் டீசலே 20,000-க்கு மேல், சுங்கம் தனி. தமிழ்நாட்டில் மறுபதிவு செய்தால் சாலை வரி. அவர் மனைவி அதுவரை பேசவில்லை. அப்போதுதான், "அதெல்லாம் இருக்கட்டும் சார், எங்க அத்தையால இதுல ஏற முடியுமா?" என்றார்.

நாங்கள் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்காக வண்டியோ அவரை யாரும் கேட்கவில்லை. மாலையில் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனோம். முட்டிவலிக்காரர். கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தார், மறு கால் வரவில்லை. பின்னர் ஒரு முக்காலியைப் போட்டு ஏறினார். ஏறி உட்கார்ந்ததும், "உசரமா நன்னா இருக்குடா" என்றார். அதில்தான் நண்பர் விழுந்தார் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் அகலமான பாதப்படி போட 4,500 ரூபாய் என்று கணக்கில் சேர்த்தேன்.

மறுநாள் அந்தக் காலண்டர் தாளையே அதிகாரியிடம் காட்டினோம். எஞ்சினும் சட்டமும் நன்றாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் டயர் எண்ணைப் பார்த்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார். பத்து வயது முடிய இன்னும் நான்கு வாரம். 1,05,000-க்கு முடிந்தது. ஒரே நிபந்தனை: என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகே முழுப் பணம். இதை எல்லோருக்கும் சொல்கிறேன். படிவம் 28-ல் விண்ணப்பித்து என்.ஓ.சி. எடுத்துத் தரவேண்டியது விற்பவர். கட்டாத அபராதச் சலான் இருந்தால் அது நிற்கும். வங்கிக் கடன் பெயர் ஆர்.சி.யில் இருந்தால் படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும். படிவம் 29, 30 பெயர் மாற்றத்துக்கு. சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், போட்டோவைப் பார்த்து அல்ல.

எந்த வண்டி வாங்கினாலும் அந்தக் கம்பெனி இன்னும் இங்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள். எண்டேவர் நம் மறைமலை நகரில் செய்த வண்டி, பஜேரோ திருவள்ளூரில் பூட்டிய வண்டி. நல்ல வண்டிகள்தான். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் விற்பனையை நிறுத்தியது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஃபில்டரும் பிரேக் பேடும் கிடைக்கும்; ஒரு கதவுப் பூட்டோ, கம்ப்யூட்டர் பெட்டியோ போனால் வாரக்கணக்கில் அலைய வேண்டும். நிறைய விற்ற, இன்னும் ஓடுகிற உள்நாட்டு மாடல் என்றால் கும்பகோணத்திலும் மெக்கானிக் உண்டு, சாமான் உண்டு. பழைய வண்டிக்கு நான் முதல் மதிப்பெண் இதற்குத்தான் கொடுப்பேன்.

ரிப்பேரை இங்கேயே முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. பாதப்படியோடு 1,47,500 போட்டிருந்த கணக்கு 1,56,000-இல் நின்றது, பின் ஏ.சி. குழாய் ஒன்று கீழே உளுத்திருந்ததை நான் பார்க்கத் தவறிவிட்டேன். நண்பரும் அவர் மைத்துனரும் மார்ச் இரண்டாம் வாரம் கிளம்பி, குவாலியர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம் வழியாக நான்காம் நாள் ஊர் சேர்ந்தார்கள். அம்மா ரயிலில் போனார். நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு சட்டம் கொஞ்சம் புரண்டது. 2025 ஜூலை முதல் தேதி தில்லி பங்குகளில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு டீசல் கிடையாது என்றார்கள். ஒரு வாரத்தில் அது தள்ளிப்போனது. ஆகஸ்ட் 12-ல் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பர் 17-ல் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-உம் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டும் என்று திருத்தியது. தில்லியில் பி.எஸ்.4 வந்தது 2010 ஏப்ரலில். ஆர்.சி.யில் எந்த பி.எஸ். என்று பாருங்கள், இன்று இங்கே பழைய வண்டியின் விலையை வருடத்தை விட அந்த எண்தான் முடிவு செய்கிறது. பி.எஸ்.3 வண்டியை மலிவு என்று வாங்கிவிட்டு மோதி பாக் சந்தில் நிறுத்தி வைக்க வேண்டாம். வாங்கும் நாளில் போக்குவரத்துத் துறையிலும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இந்த விஷயத்தில் நேற்றைய செய்தித்தாளை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் உண்டு.

கும்பகோணம் வண்டி முதல் வருடம் 31,000 கேட்டது. பின் ஷாக்கரும் ஒரு வீல் பேரிங்கும் சர்வீஸும். இரண்டாவது வருடம் ஆயிலும் ஃபில்டரும் மட்டும். டீசல் தண்ணீர் வடிக்கும் திருகை மாதப் பிறப்பன்று திறப்பதாக நண்பர் சொல்கிறார், நம்புகிறேன். போன வாரம் போன் செய்தார். இடது பின் ஜன்னல் கண்ணாடி இறங்க மறுக்கிறதாம். அம்மா அந்தப் பக்கம்தான் உட்காருவார். மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்லி 3,800 கேட்டிருக்கிறார். மோட்டாரை விட்டுவிட்டு, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைப் பிரித்து, உள்ளே வயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.